காசிக்குப் போகிறவர்கள் கேதார கட்டத்திலும் இறங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் ரங்கூனிலிருந்து எழுதுகிறேன். சென்னையில் இருக்கும் என் தங்கை மகள் உங்கள் நாளிதழின் ஆன்மிகப் பக்கங்களைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். காசி யாத்திரை பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையும் அப்படித்தான் கைக்கு வந்தது. விசுவநாதர், அன்னபூரணி, விசாலாட்சி, காலபைரவர், தசாசுவமேத கட்டத்து மாலை ஆரத்தி, கடைசியில் பட்டுச்சேலைக் கடை என எல்லாம் இருந்தது. கேதார கட்டம் என்ற படித்துறையில் குமரகுருபரர் நிறுவிய குமாரசாமி மடம் மட்டும் இல்லை. குறை சொல்வதற்காக எழுதவில்லை. பொங்கலை ஒட்டி நான் அங்கே போய் வந்தேன். பார்த்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நான் போனது தமிழர் குழுவோடு அல்ல. குளிர்காலத்தில் பர்மியர்கள் கூட்டம் கூட்டமாகப் புத்த கயாவுக்குப் போவார்கள். அந்த மாதங்களில் இங்கிருந்து நேரே கயாவுக்கு விமானம் உண்டு. எங்கள் பக்கத்து வீட்டு அம்மா ஒரு குழுவில் பெயர் கொடுத்தபோது என்னையும் சேர்த்துக்கொண்டார். அவரை நான் அமா என்று கூப்பிடுவேன், பர்மிய மொழியில் அக்கா என்று அர்த்தம். அவர் என்னை ஞிமா என்பார், தங்கை. நாற்பது வருஷப் பழக்கம். புத்தர் முதல் உபதேசம் செய்த சாரநாத்தில் எங்கள் குழு இரண்டு இரவு தங்கியது. அங்கிருந்து காசி பத்து கிலோமீட்டர்தான். குழுவின் திட்டத்தில் காசிக்கு ஒதுக்கியது ஒரு மாலைநேரப் படகுச் சவாரி மட்டும். நான் வழிகாட்டியிடம் கெஞ்சி, மறுநாள் காலை ஒன்பது மணிக்குள் திரும்பிவிடுவதாகச் சொல்லி, ஒரு விடியற்காலையை வாங்கிக்கொண்டேன். அமா, "உன்னைத் தனியாக விட மாட்டேன்" என்று கூடவே கிளம்பிவிட்டார்.

அந்த ஒரு காலை எனக்கு எதற்கு என்றால், என் பையில் ஒரு வெறும் செம்பு இருந்தது.

என் அப்பாவின் அப்பாவை நாங்கள் ஐயா என்போம். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவர். ரங்கூன் மொகல் தெருவில், செட்டியார் கிட்டங்கி ஒன்றில் கணக்கு எழுதினார். 1937இல், பர்மாவை இந்தியாவிலிருந்து பிரித்த அதே வருஷம், கப்பலேறிக் கல்கத்தா போய், அங்கிருந்து ரயிலில் காசிக்குப் போனார். நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரத்தில் தங்கியதையும், அங்கிருந்து விசுவநாதர் பூசைக்குச் சாமான்களைச் சுமந்துகொண்டு 'சம்போ, சம்போ' என்று சொல்லிக்கொண்டே போகிறவர்களின் பின்னால் தானும் நடந்ததையும் கதை கதையாகச் சொல்வாராம். இன்றைக்கும் அந்தச் சாமான் போகிறது. திரும்பும்போது அப்பத்தாவுக்கு அவர் கொண்டுவந்தது ஒரு காசிச் செம்பு. உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு. உள்ளே கங்கைத் தண்ணீர், வாயில் ஒரு தகட்டை வைத்துச் சுற்றிலும் ஈயம் பற்றவைத்து மூடியிருக்கும்.

1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன்மேல் ஜப்பான்காரன் குண்டு போட்டான். எங்கள் குடும்பம் ஆற்றைக் கடந்து சவுட்டான் பக்கத்து கிராமத்தில் போய் ஒதுங்கியது. அசாம் வழியாக நடந்துபோனவர்களோடு ஐயா போகவில்லை. வெண்கலப் பாத்திரங்களைக் கொல்லையில் புதைத்துவிட்டு, அந்தச் செம்பை மட்டும் அப்பத்தா மடியில் முடிந்துகொண்டு வந்தார். 1964இல் கடைகளெல்லாம் அரசுடைமை ஆகி, பங்காளிகள் மதராசுக்குக் கப்பலேறிய காலத்திலும் அப்பத்தா நகரவில்லை. செம்பும் சாமி மாடத்தை விட்டு நகரவில்லை.

1971இல் அப்பத்தாவுக்கு முடியாமல் போனது. எனக்குப் பதினாலு வயது. அப்பா செம்பை இறக்கி மடியில் வைத்து, அரிவாள்மனை நுனியால் அந்தத் தகட்டை நெம்பினார். ஈயம் சட்டென்று விடவில்லை. சுற்றிச் சுற்றிக் கீறி, ஒரு ஓரத்தில் விரிசல் விட்டதும் 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தத்துக்கு அப்பத்தா கண்ணைத் திறந்து பார்த்தார். முப்பத்துநாலு வருஷம் கழித்தும் தண்ணீர் இருந்தது. துளசி இலையால் மூன்று சொட்டு விட்டோம். மீதியை வீட்டிலிருந்த எல்லார் தலையிலும் தெளித்துவிட்டார் அப்பா. அதன் பிறகு அந்தச் செம்பு வெறும் செம்பாகவே மாடத்தில் இருந்தது. அதை மறுபடியும் நிரப்ப வேண்டும் என்பதுதான் என் ஆசை.

சரி, காசிக்கு வருகிறேன். ஆட்டோக்காரர் எங்களைச் சோனார்புராத் தெருவில் இறக்கிவிட்டபோது இன்னும் இருட்டு. சந்தில் நடந்து படித்துறைக்கு வந்தால் ஒரே பனி. எதிர்க்கரை இல்லவே இல்லை, படகுகள் பாதி தெரிந்தன. காசியில் கங்கை வடக்கு நோக்கித் திரும்பி ஓடுகிறது, அதனால் இந்தக் கரையில் நிற்கிறவர்களுக்குச் சூரியன் நேர் எதிரே எழும். மெல்ல வெளிச்சம் வர வர என் முதுகுக்குப் பின்னால் இருந்த சுவர் தெரிந்தது. வெள்ளையும் காவியுமாக, மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாக அடித்திருந்தார்கள். எங்கள் ரங்கூன் கோயில் மதில் அப்படியே இருக்கும். காசியில் எண்பத்துநாலு கட்டம் என்கிறார்கள். அவற்றில் இந்த ஒன்றின்முன் நின்றபோது எனக்கு யாரும் வழி சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்த நேரத்தில் பனிக்குள்ளிருந்து ஒரு படகு வந்தது. அதில் தமிழ்ப் பேச்சு. ஒரு சின்னப் பையன், "அம்மா, நம்ம ஊர்க் கோயில் சுவர் மாதிரியே இருக்கு" என்று கத்தினான். படகில் இருந்த வழிகாட்டி, "இது கேதார் காட், இங்க சவுத் இந்தியன்ஸ் அதிகம்" என்று சொல்லி முடிப்பதற்குள் படகு தாண்டிவிட்டது. அந்தப் பையன் கேட்டதற்கு அதுதானா பதில்? சுவர் ஏன் நம்ம ஊர்ச் சுவர் மாதிரி இருக்கிறது என்று அவனுக்குச் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. இந்தக் கடிதத்தை நான் எழுதுவதற்கு அந்தப் படகும் ஒரு காரணம்.

படியில் கௌரி குண்டம் என்று ஒரு சின்னத் தொட்டிக்குளம் இருக்கிறது. பக்கத்தில் கங்கையில் இறங்கி முழுகினேன். எலும்புவரை குளிர். அமா புத்த சமயத்தவர், முழுகவில்லை. என் செருப்பையும் பையையும் காத்துக்கொண்டு, கன்னத்தில் தனகா பூசிய முகத்தோடு படியில் உட்கார்ந்திருந்தார். மதுரைப் பக்கத்து ஆச்சி ஒருவர் அவரிடம் வந்து, "முகத்தில என்னம்மா, சந்தனமா?" என்று தமிழிலேயே கேட்க, அமா சிரித்துக்கொண்டு என்னைக் கைகாட்டினார். மரப்பட்டையைக் கல்லில் உரைத்துப் பூசுவது என்று நான் சொன்னேன். ஆச்சி விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார்.

மேலே கேதாரேசுவரர் கோயில். லிங்கம் வழக்கமான வடிவில் இல்லை. கரடுமுரடாகக் குவித்து வைத்த மாதிரி, நடுவே ஒரு கோடு. மாந்தாதா என்கிற பக்தர் கிச்சடி சமைத்து, விருந்தினருக்குப் பாதி தனக்குப் பாதி என்று நடுவில் கோடு கிழிக்க, அதுவே கல்லாகி சிவனாக வெளிப்பட்டது என்பது தலபுராணம். அந்தப் பக்கத்தில் மகர சங்கராந்திக்கே 'கிச்சடி' என்றுதான் பெயர் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நமக்குப் பொங்கல், அவர்களுக்குக் கிச்சடி. அரிசியும் பருப்பும்தானே இரண்டும்.

மடத்துக்கு வருகிறேன். கோயிலை ஒட்டிய சந்தில் குமாரசாமி மடம். வாசலில் தமிழ் எழுத்தைப் பார்த்ததும் என் நடை தானாக நின்றுவிட்டது. ரங்கூனில் தமிழ் எழுத்து கோயிலுக்குள் இருக்கும், பத்திரிகைகளில் இருக்கும், தெருவில் கண்ணில் படுவது அபூர்வம். உள்ளே தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் இருந்தார். "எந்த ஊரும்மா?" என்றார். பர்மா என்றேன். "பர்மாவா! உட்காருங்கோ" என்று பாயை விரித்தார். அமாவையும் உட்காரச் சொன்னார்.

மடத்தை நிறுவியவர் குமரகுருபரர். பதினேழாம் நூற்றாண்டில், தாமிரபரணிக் கரையில் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்தவர். ஐந்து வயதுவரை பேச்சு இல்லாத பிள்ளை. பெற்றோர் திருச்செந்தூருக்குக் கொண்டுபோய்க் கிடத்த, அங்கே வாய் திறந்து முருகனைப் பாடினார் என்பது நாம் கேட்டு வளர்ந்த கதை. மதுரையில் திருமலை நாயக்கர் முன்னால் மீனாட்சிமேல் பிள்ளைத்தமிழ் பாடினார். தருமபுர ஆதீனத்து மாசிலாமணி தேசிகரைக் குருவாகக் கொண்டார். காசிக்கு வந்தபோது அது முகலாயர் ஆட்சி. இங்கே ஒரு மடம் கட்ட இடம் வேண்டும், பூசை நின்றுபோன கேதாரேசுவரர் கோயிலை மீட்க வேண்டும். அதற்கு பாதுஷாவைப் பார்க்க வேண்டும். பார்த்தால் பேச வேண்டும், பேச இந்துஸ்தானி தெரியாது. அப்போதுதான் கலைமகளை நினைத்துச் சகலகலாவல்லி மாலையைப் பாடினார். பத்துப் பாட்டு. அந்த மொழி அவருக்கு வசமானது, சிங்கத்தின்மேல் ஏறி தர்பாருக்குப் போனார், இடமும் கிடைத்தது என்று மடத்து மரபு சொல்கிறது. பின்னாளில் மடத்தின் தலைமை தெற்கே திருப்பனந்தாளுக்குப் போனது. அங்கே அதற்குப் பெயரே காசித் திருமடம். அதன் அதிபரைக் காசிவாசி என்றுதான் இன்றும் சொல்கிறார்கள்.

இந்தக் கதை எனக்குப் புதிது அல்ல. ஆனால் அந்தப் பாயில் உட்கார்ந்து கேட்டபோது எனக்குள் வேறு மாதிரி இறங்கியது. ஏன் என்று சொல்கிறேன்.

முப்பது வருஷமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். 1960களின் நடுவில் தனியார் பள்ளிகள் அரசுடைமை ஆனதிலிருந்து எங்களுக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடம் என்றால் கோயில்தான். பிள்ளைகள் வாரம் பூராவும் பர்மிய மொழியில் படிக்கிறார்கள், வீட்டிலும் பாதி அதுதான். நவராத்திரிக்குச் சகலகலாவல்லி மாலை சொல்ல வைப்பேன். தமிழ் எழுத்து இன்னும் கூடாத பிள்ளைகள் அதைப் பர்மிய எழுத்தில் நோட்டில் எழுதி வைத்துக்கொள்வார்கள். அந்த உருண்டை உருண்டையான எழுத்தில் 'வெண்டாமரை' இருக்கும். பர்மியர் நாக்கில் ர வந்தால் ய ஆகிவிடும், வ வந்தால் உதடு குவியும். அதனால் எங்கள் பிள்ளைகள் சிலர் வாயில் அது 'வெண்டாமயை' என்று வரும். ஒவ்வொரு வருஷமும் முதல் இரண்டு வாரம் அந்த ஒரு சொல்லைத் திருத்துவதிலேயே எனக்குப் போகும்.

போன நவராத்திரியில் பத்தாவது படிக்கிற ஒரு பெண் கேட்டாள்: "டீச்சர், இதைப் படிச்சா எங்கே வேலை கிடைக்கும்? கொரியன் படிச்சாலாவது வெளிநாடு போகலாம்." நான் அவளை அதட்டினேன். நம் தாய்மொழி, நம் கடமை என்று ஏதோ சொன்னேன். அவள் முகம் சுண்டிப்போனது. நான் சொன்னது பதில் இல்லை என்று எனக்கே தெரிந்தது, மாதக்கணக்கில் அது உறுத்திக்கொண்டிருந்தது.

மடத்துப் பெரியவர், "பாடுவேளா?" என்று கேட்டார். நான் பத்துப் பாட்டையும் சொன்னேன். குளித்த ஈரம் காயவில்லை, குரல் நடுங்கியது. முடிந்ததும் அமா மெதுவாக, "என்ன பாட்டு, ஞிமா? என்ன கேட்கிறாய்?" என்றார். எனக்கு அதைப் பர்மிய மொழியில் சொல்ல வேண்டியதாயிற்று. வெள்ளைத் தாமரையில் இருக்கும் தாயைப் பற்றியது, கல்வியும் சொல்லும் கேட்கிற பாட்டு என்றேன். அமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "துயதடியா?" என்றார். பர்மியர்களும் சரஸ்வதியை வணங்குகிறார்கள். அவர்கள் வாயில் அவள் துயதடி. அன்னத்தின்மேல் அமர்ந்து, கையில் புத்த சமய நூலான திரிபிடகத்தை ஏந்தியிருப்பாள். பரீட்சைக்கு முன்னால் பர்மியப் பிள்ளைகள் அவளைக் கும்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். "அவளேதான்" என்றேன். "இதைப் பாடியவர் எந்த மொழி கேட்டார்?" "இந்த ஊர் மொழி." "எந்த மொழியில் கேட்டார்?" "எங்கள் மொழியில்."

சொல்லிவிட்டு நானே ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தேன். இத்தனை வருஷமாகச் சொல்லிக் கொடுத்த பாட்டு. அயலூரில் போய் நின்ற ஒரு தமிழர், அந்த ஊர் பாஷை தனக்கு வேண்டும் என்று தமிழில் கேட்ட பாட்டு அது. இன்னொரு மொழி வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. தன் மொழியை வைத்து இன்னொன்றைக் கேட்டு வாங்கினார். என் வகுப்பில் இருக்கிற முப்பது பிள்ளைகளும் தினம் செய்வது அதுதான், மொகல் தெருவில் என் ஐயா செய்ததும் அதுதான்.

அமா கைகூப்பிக் கும்பிட்டு, மண்டியிட்டு மூன்று முறை தரையில் தலை வைத்தார். பர்மியர் வழக்கம் அது. பெரியவர் அவருக்கும் திருநீறு கொடுத்தார். தனகாவின்மேல் மூன்று விரலால் அவரே இட்டுக்கொண்டார்.

மணி ஏழரை. செம்பு வேலை பாக்கி இருந்தது. காசியில் எடுத்த தண்ணீரை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, பிரயாகையில்தான் எடுக்க வேண்டும் என்று படித்துறையில் ஒருவர் சொன்னார். அப்படியும் ஒரு வழக்கம் இருக்கிறது. எங்கள் வீட்டில் இருந்தது காசிச் செம்பு, எனக்கு அதுவே பிரமாணம். கௌரி குண்டத்துக்குக் கீழே இடுப்பளவு தண்ணீரில் நின்று நிரப்பினேன். பிறகு சந்தில், செம்பு விற்கிற கடை வாசலில் பற்றவைக்கிற ஒரு முதியவரைப் பிடித்தோம். பழைய தகட்டின் மிச்சம் செம்பின் வாயில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் அதை அரத்தால் தேய்த்து எடுத்தார். புதுத் தகட்டை வட்டமாக வெட்டி வாயில் பொருத்தி, அடுப்பில் பழுக்கக் காய்ந்த இரும்பை எடுத்து, பற்றாசை விளிம்பில் ஓட்டினார். வெள்ளியாக உருகி ஒரு சுற்று ஓடி, கண்ணிமைக்கும் நேரத்தில் மங்கி உறைந்தது. ஊதிப் பார்த்து, கவிழ்த்துப் பார்த்து, காதருகில் வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு என் கையில் கொடுத்தார். சூடு இருந்தது. அடியில் அப்பத்தா பெயரை ஐயா வெட்டச் சொன்ன இரண்டு தமிழ் எழுத்தை அவர் விரலால் தடவிப் பார்த்து, "மதராசி" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். பர்மா என்று விளக்க நேரமில்லை.

அனுமான் கட்டத்துக்கு ஓடிப்போய் எட்டிப் பார்க்கத்தான் முடிந்தது. 1898 முதல் 1902 வரை பாரதியார் தம் அத்தை வீட்டில் இருந்த பகுதி. பத்து நிமிஷ நடை, அரிச்சந்திர கட்டத்துச் சிதைகளைத் தாண்டிப் போக வேண்டும். அங்கும் சந்துகளில் தமிழ் கேட்கிறது. மறுபடி ஒரு நாள் போக வேண்டும்.

ஒன்பது மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது சாரநாத் பர்மிய விகார வாசலில் இறங்கினோம்.

ஊருக்கு வந்த முதல் ஞாயிறே வகுப்பில் இதைச் சொன்னேன். செம்பைக் கையில் கொடுத்து ஒவ்வொருவரையும் ஆட்டிப் பார்க்கச் சொன்னேன். அந்தப் பத்தாம் வகுப்புப் பெண் செம்பைக் காதில் வைத்துக்கொண்டே கேட்டாள்: "அப்புறம் அவருக்குத் தமிழ் மறந்துபோச்சா, டீச்சர்?" இல்லை, குமரகுருபரர் காசியின் பெயரிலேயே தமிழில் ஒரு கலம்பகம் பாடினார் என்றேன். அவள் நோட்டைத் திறந்து பர்மிய எழுத்தில் ஏதோ குறித்துக்கொண்டாள். என்ன எழுதினாள் என்று நான் கேட்கவில்லை.

உங்கள் நாளிதழைப் படித்துவிட்டுத்தான் பல குடும்பங்கள் காசிக்கு டிக்கெட் எடுக்கிறார்கள். யாத்திரை நடத்துகிறவர்களும் உங்கள் பக்கங்களைப் பார்த்துத்தான் அட்டவணை போடுகிறார்கள். அடுத்த முறை வெளியிடும்போது இந்த மடத்தையும் சேர்த்து எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். படகிலிருந்து கைகாட்டிவிட்டுப் போகாமல், ஒரு மணி நேரம் கரையில் இறங்கி உட்காரும்படி எழுதுங்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் அந்தப் பத்துப் பாட்டில் ஒன்றையாவது அங்கே அவர்களைச் சொல்ல வைக்கலாம்.

வழி சுலபம். தசாசுவமேத கட்டத்திலிருந்து கரையோரமாகத் தெற்கே நடந்தால், வெள்ளையும் காவியுமாகப் பட்டை அடித்த சுவர் எதிரே வரும். அங்கே படியேறுங்கள்.

இப்படிக்கு,
கோயில் தமிழ் வகுப்பு ஆசிரியை ஒருவர்,
ரங்கூன், பர்மா